விறைப்பு விடுகிற வரைக்கும்

அந்தத் தாளை இப்போ நீட்டாதீங்க. கையெழுத்து போடமாட்டேன்னு சொல்லலை. போடத்தான் போறேன். ஆனால் நான் சொல்றதை முழுசாக் கேட்டுட்டு அப்புறம் நீட்டுங்க. உங்க ஹோம் நர்சிங் ஏஜென்சியிலிருந்து போனில் பேசினாரே மேனேஜர், அவர் என்னைப் பேசவே விடலை. 'மேடம், ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க'ன்னார். இருபத்தாறு வருஷத்தை ஆமா, இல்லைன்னு சொல்ல முடியுமா?

உட்காருங்க. அதில் வேண்டாம், அது என் வீட்டுக்காரரோட சக்கர நாற்காலி. இந்த ஸ்டூலில் உட்காருங்க, அவர் கட்டில் பக்கத்திலேயே. அவர் எதிரில் பேசக்கூடாத விஷயம் ஒண்ணும் இல்லை. இந்த வீட்டில் அவருக்குத் தெரியாமல் நான் ஊசி நூல்கூட வாங்கினதில்லை. என்னங்க, ஏஜென்சியிலிருந்து வந்திருக்காங்க. மிக்கேல் விஷயமா.

பார்த்தீங்களா, ஃபேனைத்தான் பார்க்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாளாச்சு, இதே கதைதான். சாப்பிடுறீங்களான்னா 'ம்'. வேண்டாமான்னா அதுக்கும் 'ம்'. காலில் மாவுக்கட்டு போட்டதிலிருந்து பேச்சே நின்னுபோச்சு.

எனக்குத் தெரியும்மா இந்தத் தாள் எதுக்குன்னு. உங்க ஆள் மிக்கேல் கவனக்குறைவால் என் வீட்டுக்காரர் காலை ஒடைச்சுட்டான்னு நான் எழுதிக் கொடுத்தா, அவன் பெயரை உங்க பட்டியலிலிருந்து எடுத்துடுவீங்க. வேற ஏஜென்சியும் சேர்த்துக்காது. அதுவரைக்கும் அவன் உங்க ஆபீஸ் மாடியில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கான்னு மேனேஜர் சொன்னார். பாவம்தான். நான் என்ன கல்லா? ஆனால் கால் ஒடைஞ்சிருக்கே. அது தானா ஒடையுமா? அவன் பெயரை எழுதலைன்னா அந்த இடத்தில் யார் பெயரை எழுதுவீங்க?

சரி, முதலிலிருந்து எழுதிக்கோங்க. பொன்னுரங்கம், வயசு ஐம்பத்தொன்பது. பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். முப்பத்து மூணு வயசில், விளையாட்டுப் போட்டிக்குப் பசங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது மதகுச் சுவரில் மோதி விழுந்தார். வெளியே ஒரு கீறல் கிடையாது. முதுகில், ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவில், தண்டுவடம் போச்சு. மார்புக்குக் கீழே அன்னிலேர்ந்து ஒண்ணும் தெரியாது. கிள்ளினா தெரியாது, சுட்டா தெரியாது. கை ரெண்டும் நல்லா இருந்ததால் பள்ளிக்கூடத்திலேயே ஆபீஸ் வேலை கொடுத்தாங்க. சக்கர நாற்காலியில் போய் வந்துக்கிட்டிருந்தார். போன வருஷம்தான் முடியாமல் விருப்ப ஓய்வு வாங்கினார்.

நான் செண்பகம். பி.எஸ்சி. விலங்கியல். காலேஜில் தவளையோட மூளையை எடுத்துட்டுக் காலில் அமிலத்தைத் தொட்டு வச்சா காலை இழுக்கும், செஞ்சு பார்த்திருக்கேன். அதனால் தண்டுவடம்னா என்னன்னு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இவர் விழுந்தப்போ ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அம்மா ஒருத்தர் இருந்தாங்க. கண்டிப்பானவங்க. டிஸ்சார்ஜ் ஆகுற அன்னிக்கு என் கையைப் பிடிச்சு இவர் முழங்கால் மேல வச்சுச் சொன்னாங்க. 'தினமும் ரெண்டு காலையும் இருபது இருபது தடவை மடக்கி நீட்டணும். கால் விறைச்சுக்கிட்டு முரண்டு பிடிக்கும். பயந்து விட்டுடாதீங்க. விறைப்பு விடுகிற வரைக்கும் அழுத்துங்க. நீங்க விட்டீங்கன்னா ஆறு மாசத்தில் கால் மடங்கி நின்னுடும், அப்புறம் நாற்காலியில் உட்கார வைக்கக்கூட முடியாது.'

அப்போ எனக்கு இருபத்தெட்டு வயசு. என் பொண்ணு தேன்மொழிக்கு ரெண்டு. அந்த அம்மா சொன்னதை நான் மறக்கலை. ஒரு நாள் விட்டதில்லை. எங்க அப்பா லால்குடியில் இறந்து கிடக்கிறார், தகவல் வந்தாச்சு. நான் இங்கே ரெண்டு காலுக்கும் நாற்பதை முடிச்சுட்டுத்தான் பஸ் ஏறினேன். எங்க அம்மா அதுக்காக ஒரு வருஷம் என்கூடப் பேசலை. பேசாட்டிப் போகட்டும். மடங்கிப் போனா யார் வந்து நிமிர்த்துவா?

ஆரம்பத்தில் இவரே எண்ணுவார். பி.டி. மாஸ்டர் இல்லையா. மல்லாக்கப் படுத்துக்கிட்டு மைதானத்தில் நிக்கிற மாதிரி, 'ஒன், டூ, முதுகு வளையக்கூடாது செண்பகம், த்ரீ'ன்னு என்னை விரட்டுவார். பக்கத்து வீட்டில் நான் உடம்பு இளைக்கப் பயிற்சி செய்யறேன்னு நினைச்சாங்களாம். இப்போ ரொம்ப வருஷமா அவர் எண்ணுறதில்லை. நான் மனசுக்குள்ளேயே எண்ணிக்குவேன்.

இவர் உடம்புக்குன்னு ஒரு பேச்சு இருக்கும்மா. கீழே என்ன கோளாறு ஆனாலும் இவருக்கு அங்கே வலிக்காது. மேலேதான் காட்டும். மூத்திரக் குழாய் மடங்கினா நெத்தி வேர்க்கும். கையில் மயிர்க்கூச்செடுக்கும். காது சிவக்கும். பத்து நிமிஷத்தில் ரத்த அழுத்தம் இருநூறுக்குப் போயிடும். தலை வெடிக்கிற மாதிரி வலிக்குதும்பார். என்ன காரணம்னு உடனே கண்டுபிடிச்சு எடுத்துடணும், இல்லைன்னா மூளையில் ரத்தக் குழாய் வெடிச்சு ஆளே போயிடலாம். டாக்டருங்களே ரெண்டு தடவை கோட்டை விட்டிருக்காங்க. நான் விட்டதில்லை. தேன்மொழி கல்யாணத்தில் நான் மணமேடையில் நிக்கிறேன், இவர் கீழே நாற்காலியில். கெட்டி மேளம் கொட்டுது. இவரோட இடது காது சிவந்ததை நான் அங்கேயிருந்து பார்த்துட்டேன். இறங்கி ஓடி வந்து வேட்டியை விலக்கினா, குழாய் தொடைக்கு அடியில் மாட்டி நசுங்கியிருக்கு. பொண்ணு கழுத்தில் தாலி ஏறினதை நான் பார்க்கலை. இவரோட குழாயைத்தான் பார்த்தேன். வருத்தமா சொல்லலை. அப்படிப் பார்த்தவ நான்னு சொல்றேன்.

இளசா இருந்த வரைக்கும் எல்லாத்தையும் சமாளிச்சோம். வயசாக ஆகத்தான் ஒண்ணு ஒண்ணாக் கிளம்புச்சு. எல்லாருக்கும்தான் வயசாகுதும்பாங்க. மத்தவங்களுக்கு எழுபதில் வர்றது இவங்களுக்கு ஐம்பதுக்கு முன்னாடியே வந்துடும். முதலில் தோள். கால் செய்ய வேண்டிய வேலை பூராவும் தோள்தானே செஞ்சது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒரு பலகையைப் போட்டுக் கையை ஊன்றி அவரே தாவிக்குவார். புண் வரக்கூடாதுன்னு கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் உடம்பைக் கையால் தூக்கிப் பிடிப்பார். ரெண்டு தோளும் தேஞ்சுபோச்சு. இப்போ தலை வாருறதுக்கே முகம் சுளிக்கிறார். அப்புறம் மூத்திரத்தில் கிருமி, வருஷத்துக்கு மூணு தடவை காய்ச்சல். சிறுநீரகத்தில் கல். போன வருஷம் முதுகுக்குக் கீழே ஒரு புண். வெளியே பார்க்க ஒரு பொட்டு அளவு, உள்ளே விரல் போகிற ஆழம். அஞ்சு மாசம் குப்புறப் படுத்துக் கிடந்தார். அந்த அஞ்சு மாசத்தில் என் வலது தோளும் போச்சு. கையை உயர்த்தினா டக்குன்னு சத்தம் வரும். தேய்மானம்னாங்க.

அந்தப் புண்ணுக்குப் போனப்போ ஒரு டாக்டர், முப்பது வயசு இருக்கும், எலும்பைச் சோதிச்சுப் பார்த்துட்டுச் சொன்னார். 'அம்மா, இந்தக் கால் இருபத்தஞ்சு வருஷமா எடையைத் தாங்கலை. எலும்பு உள்ளே கூடாயிருச்சு. அப்பளம்னு நினைச்சுக்கோங்க. இனிமே பயிற்சியெல்லாம் மெதுவா, அழுத்தமே கூடாது.' சரிங்க சார்னு கேட்டுக்கிட்டு வந்தேன். வேற என்ன சொல்றது? அவர் பால்வாடிக்குப் போய்க்கிட்டிருந்த காலத்திலேர்ந்து நான் இந்தக் காலை மடக்கி நீட்டிக்கிட்டிருக்கேன். எனக்கு அப்பளம் கதை சொல்றார்.

இவர் அப்போ பக்கத்தில்தான் இருந்தார். கேட்டுக்கிட்டுத்தான் இருந்தார். ஆட்டோவில் வரும்போது, 'அந்தப் பையன் சொன்னது'ன்னு ஆரம்பிச்சார். 'எனக்குத் தெரியும்'னேன். அதோட விட்டுட்டார்.

தேன்மொழிதான் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணி உங்க ஆளை ஏற்பாடு செஞ்சா. எனக்கு விருப்பமே இல்லை. 'அம்மா, உன் தோளை வச்சுக்கிட்டு அப்பாவை இனிமே தூக்க முடியாது. ஒண்ணு ஆள் வச்சுக்கோ, இல்லைன்னா இங்கே ஒரு இல்லம் இருக்கு, நல்லாப் பார்த்துக்குறாங்க, அப்பாவைச் சேர்த்துடலாம்.' அப்பாவைச் சேர்த்துடலாமாம். ஸ்கூலில் சேர்க்கிற மாதிரி. அப்போ நான் இந்த வீட்டில் யாரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது? அதுக்குப் பயந்துதான் ஆளுக்குச் சம்மதிச்சேன்.

மிக்கேல் வந்தான். தூத்துக்குடிப் பக்கம், நாற்பத்தேழு வயசு. ஆஸ்பத்திரி வார்டில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவனாம். கெட்டவன்னு நான் சொல்லமாட்டேன். சுத்தம். தூக்கினா பூ மாதிரி தூக்குவான். ஆனால் ஒரு பழக்கம். இவரைத் தொடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் சொல்லுவான். 'சார், இடது காலைத் தொடுதேன்.' 'சார், இப்ப முழங்காலை மடக்குதேன்.' நான் ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூணாவது நாள் கேட்டுட்டேன்.

'அந்தக் காலுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. யாருக்குச் சொல்றீங்க?'

'காலுக்குத் தெரியாதுக்கா. சாருக்குத் தெரியணும்லா.'

இவர் சிரிச்சார். அப்படி ஒரு சிரிப்பு. என்ன இருக்கு அதில் சிரிக்க? நான் இருபத்தாறு வருஷமா சொல்லிட்டா தொட்டேன்? சொல்லிட்டுத் தொட அது என்ன அடுத்த வீட்டுக் கதவா?

அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டாங்க. பேப்பரில் கண்ணீர் அஞ்சலி வரும் இல்லையா, அந்தப் பக்கத்தை விரிச்சு வச்சு, வயசைக் கையால் மறைச்சுக்கிட்டு, 'சார், இவருக்கு எத்தனை சொல்லுங்க'ம்பான்.

'எழுபத்திரண்டு.'

'தோத்திய. ஐம்பத்தேழு. உங்களுக்குத் தம்பி.'

'அப்போ நான் ஜெயிச்சுட்டேன்டா.'

காலையில் எழுந்ததும் செத்தவங்களை வச்சு விளையாட்டு. நான் சமையல்கட்டிலிருந்து கேட்டுக்கிட்டிருப்பேன். ஆறு மணி ஆனதும் என் கை ரெண்டும் தானா வேலை தேடும். அங்கே போனா மிக்கேல் இவர் காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். பத்து தடவைதான். விறைக்கிற இடம் வந்தா நிறுத்திக் கையை அப்படியே வச்சுக்கிட்டுக் காத்திருப்பான். விட்டா மடக்குவான். விடலைன்னா திருப்பி வச்சுடுவான்.

'அவ்வளவுதானா?'

'இன்னைக்கு இவ்வளவுதான்க்கா தருது.'

தருதாம். தடவிக் கொடுக்கிறதுக்குப் பேரு பயிற்சி. இப்படியே போனா கால் மடங்கிப்போகும்னு எனக்குத் தெரியும். யார் கேட்கிறா?

ஞாயித்துக்கிழமை காலை அஞ்சரைக்கெல்லாம் சர்ச்சில் பூசைக்குக் கிளம்பிடுவான், எட்டு மணிக்குத்தான் வருவான். வேலைக்குச் சேரும்போதே கேட்டு வாங்கின நேரம் அது. நானும் ஒண்ணும் சொல்லலை. அந்த ரெண்டரை மணி நேரம் வீடு பழையபடி இருக்கும். வாரம் பூரா அவன் பாக்கி வச்சதை நான் அப்போ சரி பண்ணிடுவேன். ரகசியமெல்லாம் இல்லை. அவன்கிட்டச் சொல்லலை, அவ்வளவுதான்.

எந்த ஞாயிறுன்னா? இதோ, இவருக்கு உடம்பு முடியாமல் போன அந்த ஞாயிறும்தான்.

அன்னிக்கு மழை. குளிர்ந்தா இவர் கால் இன்னும் விறைக்கும். வலது கால் இருபது முடிஞ்சது. இடது கால் ஏழாவதிலேயே அசையாமல் நின்னுடுச்சு. இவர், 'விட்டுடு செண்பகம், மிக்கேல் வந்து பார்த்துக்கட்டும்'னார். அந்தப் பெயரை அந்த நேரத்தில் சொல்லியிருக்க வேண்டாம். நான் கட்டில் மேல ஏறி முட்டி போட்டு, காலைத் தூக்கித் தோளில் வச்சு, என் எடையை வச்சு அழுத்தினேன். புதுசா ஒண்ணும் செய்யலை, வருஷக்கணக்கா செய்யறதுதான். டக்குன்னு என் தோள் சத்தம் போட்டுச்சு. எப்பவும் வர்றதை விடக் கொஞ்சம் பெரிசா. உடனே விறைப்பு விட்டுச்சு பாருங்க. அப்படி விட்டுச்சு. அத்தனை மாசமா முரண்டு பிடிச்ச கால் வெண்ணெய் மாதிரி வந்தது. எட்டு, ஒன்பது, பத்து, இருபது வரைக்கும் போனேன், ஒரு இடத்திலும் தடுக்கலை. முன்னாடி போகாத பக்கமெல்லாம்கூடப் போச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. 'பார்த்தீங்களா, எவ்வளவு லகுவா வருது'ன்னேன்.

'என்ன சத்தம் அது?'ன்னார்.

'என் தோளு.'

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். 'வலிக்குதா?'ன்னார்.

'எனக்கென்ன வலி? பழகினதுதானே'ன்னுட்டுக் காப்பி போடப் போனேன்.

ஏழு மணிக்கு வந்து பார்க்கிறேன், நெத்தியெல்லாம் வேர்த்திருக்கு. காது ரெண்டும் செக்கச் சிவந்திருக்கு. தலையை உயர்த்தி உட்கார வச்சேன். பிரஷர் மெஷினை வச்சுப் பார்த்தா நூத்துத் தொண்ணூத்தெட்டு. குழாயைப் பார்த்தேன், மடங்கலை. புதுசு மாத்தினேன். பையில் மூத்திரம் ஒழுங்கா இறங்குது. மலம் கட்டியிருக்கான்னு பார்த்தேன், இல்லை. கால் நகம் சதையில் ஏறினாக்கூட இப்படி ஆகும், அதையும் பார்த்தேன், இல்லை. முதுகில் புண்ணு, வேட்டி முடிச்சு, விரிப்பில் சுருக்கம், எல்லாம் பார்த்தேன். டாக்டர் அவசரத்துக்குக் கொடுத்திருந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் வச்சேன். கொஞ்சம் இறங்கும், திரும்ப ஏறும். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. என் கையில் அகப்படாதது அவர் உடம்பில் ஒண்ணு இருக்குன்னா, அது எனக்கு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது.

எட்டு மணிக்கு மிக்கேல் வந்தான். வந்தவன் போர்வையை விலக்கிப் பார்த்தான். 'அக்கா, ரெண்டு முழங்காலும் ஒண்ணுபோல இல்லையே'ன்னான். தொட்டுப் பார்த்தான். 'சூடா இருக்கு. வீங்கியிருக்கு.' அப்புறம் என்னை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான். 'காலைல கால் பயிற்சி கொடுத்தியளா?'

'எப்பவும் செய்யறதுதான்'னேன்.

'ஆம்புலன்ஸ் கூப்பிடுதேன்'னான்.

'எதுக்கு ஆம்புலன்ஸ்? குழாய் பிரச்சனைதான். எனக்குத் தெரியும்.'

'குழாய் இல்லக்கா.'

என்கிட்டயே சொல்றான், குழாய் இல்லக்கான்னு. மேடையிலிருந்து காதைப் பார்த்துக் கண்டுபிடிச்சவகிட்ட. நான் விடலை. இன்னொரு குழாய் மாத்தினேன். இன்னொரு மாத்திரை கொடுத்தேன். பதினோரு மணி வரைக்கும் பார்த்தோம். அப்புறம் இவர், 'செண்பகம், உன் முகம் ரெண்டாத் தெரியுது'ன்னார். மிக்கேல் என்னைக் கேட்கலை. போனை எடுத்துட்டான்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தாங்க. தொடை எலும்பு, முழங்காலுக்கு நாலு விரல் மேலே, ரெண்டு துண்டு. ஒரு துண்டு இன்னொண்ணு மேல ஏறி நிக்குது. டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடிச்சுக்கிட்டுக் கேட்டார். 'இவரைத் தூக்கி இறக்கி, பயிற்சி கொடுக்கிறது யாரு?'

நான் மிக்கேலைக் காட்டினேன். 'இவர்தான்'னேன். உண்மைதானே? சம்பளம் வாங்குறது யாரு?

மிக்கேல் இவரைப் பார்த்தான். இவர் கண்ணை மூடிக்கிட்டார். மிக்கேல், 'ஆமா சார், நான்தான் பாக்கேன்'னான். எழுதிக்கோங்க. அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான். நான் ஒருத்தன் மேல வீணாப் பழி போடுறவ இல்லை.

தேன்மொழி மறுநாள் வந்தா. என்னைத் தனியா வராந்தாவுக்குக் கூப்பிட்டு, 'அம்மா, நீ ஒண்ணும் தொடலையே?'ன்னா. 'நானா?'ன்னேன். 'என் கையால் ஒடையணும்னா இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடியே ஒடைஞ்சிருக்கணும்.' அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே. 'ஆள் சரியில்லைன்னா வேற ஆள் பார்க்கலாம். உன்னால ஆச்சுன்னா, அப்பாவை நான் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன்'னா. என்னால ஆகலைன்னு சொல்லிட்டேன். அதைத்தான் இந்தத் தாளிலும் சொல்லப் போறேன். பேனாவைக் கொடுங்க.

என்ன?

அஞ்சரைக்குத்தான் கிளம்பினான். ஆமா. எட்டுக்குத்தான் வந்தான். ஏன், சர்ச்சில் விசாரிச்சீங்களா? நான் இல்லைன்னு சொன்னேனா?

அப்போ சனிக்கிழமையே ஒடைச்சிருப்பான். சாயங்காலம் நாற்காலியிலிருந்து இறக்கும்போது. ராத்திரியா? ராத்திரி நல்லாத்தான் இருந்தார். மெஷினில் நூத்துப் பத்துதான் இருந்தது. ஞாயித்துக்கிழமை காலையில் ஆறு மணிக்குப் பார்த்தப்போகூட ரெண்டு காலும் ஒண்ணுபோலத்தான் இருந்தது. வீக்கம் மெதுவா வரும்மா. உள்ளே ஒடைஞ்சு, மெதுவா வரும். வராதா?

ஏன் எழுதறதை நிறுத்திட்டீங்க? நான் சொன்னதில் என்ன தப்பு? நான் அழுத்தினதாலன்னு நினைக்கிறீங்களா? உங்க வயசுக்கு எதையாவது கேட்டா உடனே ஒரு முடிவுக்கு வந்துடுவீங்க. அழுத்துறதுன்னா அடிக்கிறது இல்லை. அதில் ஒரு முறை இருக்கு. எழுந்திருங்க. இந்தப் பக்கம் வாங்க. வலது காலில் காட்டறேன், இதுக்கு ஒண்ணும் இல்லை. நேரில் பார்த்தா உங்களுக்கே தெரியும்.

இந்தக் கையை முழங்காலுக்கு அடியில் கொடுக்கணும். இந்தக் கையில் குதிகால். இப்படித் தூக்கி, மடக்கிக்கிட்டே வரணும். இங்கே விறைக்குது பாருங்க. தொட்டுப் பாருங்க, கல்லா நிக்குது. இங்கேதான் எல்லாரும் பயந்து விடுவாங்க. மிக்கேல் இங்கேதான் விடுவான். இங்கே விடக்கூடாது. இங்கேதான்...

என்னங்க?

பேசிட்டார் பாருங்க. நாலு நாள் கழிச்சு. என்ன சொன்னீங்க? நிறுத்தணுமா? இவங்களுக்குக் காட்டத்தானே செய்யறேன். ஒரே ஒரு தடவை.

'செண்பகம், இந்தக் காலாவது இருக்கட்டும்.'

இல்லை, அதை எழுதாதீங்க. மாத்திரை மயக்கத்தில் பேசுறார். என்னங்க, இங்கே பாருங்க. ஃபேனைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க. எந்தக் காலாவது? அந்தச் சத்தம் என் தோள்னு அப்பவே உங்ககிட்டச் சொன்னேன் இல்லையா? நீங்களும் சரின்னுதானே இருந்தீங்க? டாக்டர் கேட்டப்போ கண்ணை மூடிக்கிட்டீங்களே. அப்போ ஏன் சொல்லலை?

'தேன்மொழி என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவா. அதான். மிக்கேலை வேற வீட்டுக்கு அனுப்புவாங்க, அவ்வளவுதான்னு நினைச்சேன். இப்படி ஒரு தாள் வரும்னு எனக்குத் தெரியாது.'

...

அம்மா, அந்தத் தாளை மடிச்சு உள்ளே வைங்க. நான் கையெழுத்து போடலை.

கால் இன்னும் என் கையில்தான் இருக்கு. கீழே வைக்கணும். எப்படி வைக்கிறதுன்னு தெரியலை. தினமும்தான் வச்சேன், எப்படி வச்சேன்? இல்லை, நீங்க பிடிக்க வேண்டாம், உங்களுக்கு இது பழக்கமில்லை. போனை எடுங்க. உங்க ஆபீஸ் இங்கேயிருந்து பத்து நிமிஷம்தானே. மிக்கேலை வரச் சொல்லுங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க. அன்னிக்குக் காலையில் பயிற்சி கொடுத்தது நான்தான்னு நான் சொன்னேன்னும் சொல்லுங்க. அவர் வந்து வாங்கிக்கிற வரைக்கும் நான் இப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.